விழுங்கிய மருந்து எங்கே போயிற்று

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதும் சில சமயம் மாறிவிடும். எங்கள் வீட்டில் எனக்கு மறதிக்காரி என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் கடைசியில் தெரியும்.

சூளகிரிக்குப் பக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். வீட்டில் நானும் மருமகளும்தான் அதிக நேரம் இருப்போம். வீட்டுக்காரர் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. மாம்பழ சீசன் வந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிக்கு நான் வேலைக்குப் போவேன். கம்பெனி பஸ் ரோட்டுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். பழுத்த பெங்களூரா மாம்பழத்தைக் கழுவி விடுவார்கள், நாங்கள் மேஜையோரம் நின்று காம்புப் பக்கம் சீவிப் போட வேண்டும். இருபது சீசனுக்கு மேல் அப்படி நின்றிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தின சீசனில் நிற்க முடியவில்லை. இடுப்பிலிருந்து தொடைவரைக்கும் உள்ளுக்குள்ளேயே ஒரு வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க எதையாவது பிடிக்க வேண்டும். பஸ் படி ஏறுவதற்கு, பின்னால் வருகிற பெண் தள்ளிவிட வேண்டும். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது, இனி இப்படித்தான் என்று இருந்தேன். மருமகள்தான் விடவில்லை. ஓசூரில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

படம் எடுத்தார்கள். தொடை எலும்பில் மயிர்க்கோடு போல ஒரு விரிசல் தெரிந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்து, வைட்டமின் டி மிகவும் குறைவு, அதனால் எலும்பு மெத்தென்று ஆகிவிட்டது என்றார் அந்த டாக்டர். கோடு பெரிதாகி எலும்பு ஒடிந்தால் படுக்கைதான் என்றும் சொன்னார். வாரத்துக்கு ஒரு பொட்டலம் மாவு. எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும், பாலில் கலக்கிக் குடிக்கலாம் என்றார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அது பொய். அந்தப் பொய்யைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாவை வாரம் தவறாமல் குடித்தேன். குடித்ததும் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுவேன். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஏறவே இல்லை. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்து, "பாட்டி ஒழுங்கா சாப்பிடறாங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் மருமகள் ஆரம்பித்தாள்.

"அத்தை, மாவ எங்க கொட்டறீங்க?"

"குடிக்கறன்மா. காலண்டர்ல கோடு போட்டிருக்கறன் பாரு."

"கோடு போட்டா வயித்துக்குள்ள போயிடுமா? மறந்துட்டுக் கோடு மட்டும் போட்டிருப்பீங்க."

"மறக்கல."

"சரி. இனிமே நானே கலக்கித் தரன். என் எதுர்லயே குடிங்க."

அப்படியே செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலில் கலக்கிக் கொண்டுவந்து, கடைசி மடக்கு இறங்குகிறவரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லியிருந்தாலும் காட்டியிருக்க மாட்டேன். என் ஈறு வீங்கிப் பல்லைப் பாதி மூடியிருக்கும். வெட்கமாக இருப்பதால் சிரிக்கும்போதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வது என் வழக்கம்.

மறுபடி மூன்று மாதம். மறுபடி ரத்தம். ஏறவில்லை. அவள் கண் முன்னாலேயே குடித்தது. இந்தத் தடவை அவளுக்கும் புரியவில்லை. "எனக்குத் தெரியாமப் போய் வாந்தி எடுக்கறீங்களா என்ன?" என்று கேட்டாள். பாதி விளையாட்டுக்குத்தான் கேட்டாள். மீதிப் பாதிதான் எனக்கு வலித்தது.

மருந்தை விழுங்கிவிட்டு, விழுங்கவில்லை என்று பேச்சு வாங்கியது எனக்கு அது முதல் தடவை இல்லை. முதல் பிள்ளையான மகன் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆனபோது, அடுத்ததுக்குக் கொஞ்ச நாள் போகட்டும் என்று நர்ஸம்மா கருத்தடை மாத்திரை கொடுத்தார். தினம் ஒன்று. ஒரு நாளும் விட்டதில்லை. அப்படியும் வயிற்றில் தங்கிவிட்டது. நர்ஸம்மா வந்து வாசலில் நின்றபடியே, "ரெண்டு மூணு நாள் மறந்திருப்ப" என்றார். இல்லை என்றேன். "எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவீங்க" என்றார். வீட்டுக்காரரும், "நீ மறதிக்காரிதான்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போகப்போக நானும் நம்பிவிட்டேன். எந்த மருந்து சாப்பிட்டாலும் கோடு போடுகிற வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். அப்போது பிறந்த மகளைக் கல்லாவிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

இனி அந்தப் பொய்.

மகன் கைக்குழந்தையாக இருந்த சமயம், களி கிண்டிக்கொண்டிருந்தபோது எனக்கு முதல் தடவை வலிப்பு வந்தது. வந்தது எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். கைக்குள் சில்லென்று ஒரு சாவிக்கொத்து இருந்தது. இரும்பைக் கையில் கொடுத்தால் நின்றுவிடும் என்று வீட்டுக்காரர் அதை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம். அவர் என்னைக் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். இந்தப் பக்கம் எங்கே போனாலும் சொந்தக்காரர் கண்ணில் பட்டுவிடுவோம். கன்னடத்தில் எழுதிய ஒரு சீட்டும், தினம் சாப்பிட மாத்திரையும் கொடுத்தார்கள். "யாருக்கும் சொல்லாத" என்றார் வீட்டுக்காரர். சொல்லவில்லை. மாமியாருக்குச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. மகளைக் கொடுக்கும்போது, எங்கள் வீட்டில் எந்த வியாதியும் கிடையாது என்று பெரியவர்கள் முன்னால் சொல்லித்தான் கொடுத்தோம்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. நாற்பது வருஷத்தில் வலிப்பு வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம், எல்லாம் ஆரம்பத்தில்தான். அவர் போன பிறகு, மாதம் ஒரு தடவை நானே பஸ் ஏறி அத்திப்பள்ளி போய் வாங்கிவந்தேன். வீட்டில் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்வேன். பழைய அட்டையை நீட்டினால் கடைக்காரர் புது அட்டையைத் தந்துவிடுவார், பேச வேண்டிய வேலையே இல்லை. அந்தச் சாவிக்கொத்தை மட்டும் இடுப்பை விட்டு இறக்கவில்லை. இரும்பு உடம்பில் இருந்தால் வராது என்று ஒரு தைரியம். மருமகள் வந்த நாளிலிருந்து அதைக் "கோட்டைச் சாவி" என்பாள். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

எலும்புக்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அது தலைக்கு, இது காலுக்கு. அது கர்நாடகா டாக்டர், இது நம்ம டாக்டர். சொல்லாமல் விட்டால் ஒரு நஷ்டமும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

ஓசூரில் பிடிபடவில்லை என்றதும் மருமகள் கிருஷ்ணகிரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர், என் மகள் வயசுதான் இருக்கும். தாள்களை எல்லாம் பார்த்தார். ஏதோ கேட்டதற்கு நான் பதில் சொல்ல, முந்தானை நழுவிவிட்டது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "வாயத் தொறங்கம்மா" என்றார். கால் வலிக்கு வாயை எதற்குப் பார்க்கிறார் என்று மருமகள் என்னைப் பார்த்தாள். திறந்தேன். ஈறை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு மருமகளிடம், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வலிப்புக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"எத்தன வருசமா?"

"எம்மவன் கைக்கொழந்தையா இருக்கறப்பலருந்து."

"அதுதான் ஈறு இப்பிடி வளர்ந்திருக்கு. எலும்புக்கும் அதுதான் காரணமா இருக்கும்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். நம்முடைய கல்லீரலில் நொதி என்று இருக்கிறதாம். என்சைம் என்றும் சொன்னார். அது ஒன்று இல்லை, பெரிய குடும்பம். உடம்பு தானே செய்கிற ஹார்மோன், எண்ணெயிலிருந்து வருகிற கொழுப்பு அமிலம், வைட்டமின், நாம் விழுங்குகிற மருந்து, எது வந்தாலும் அதை உருமாற்றுவது அந்தக் குடும்பம்தானாம். வைட்டமின் டியை வேலைக்குத் தயார் செய்வதும் அதில் சிலர். உடைத்து வெளியே தள்ளுவது வேறு சிலர். நான் சாப்பிடுகிற மாத்திரை, உடைக்கிற ஆட்களை அதிகமாக்கிவிடுமாம். அதனால் மாவு உள்ளே போகப்போக, எலும்புக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே உடைத்துத் தள்ளிவிடுகிறார்கள்.

"புரியுதாம்மா?"

ஃபேக்டரியில் நடந்த ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொன்னேன். ஒரு சீசனில் லாரி வரிசை கட்டி நின்றதென்று சூப்பர்வைசர் ஊர் ஊராகப் போய் ஆள் கூட்டிவந்தார். மேஜைக்கு எட்டுப் பேர் நின்ற இடத்தில் பதினைந்து பேர். அத்தனை பேரும் கத்தியோடு நிற்கிறார்கள். சும்மா நின்றால் திட்டு விழும் என்று, ஊறுகாய்க்காக ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த காய்க் கூடையையும் இழுத்துச் சீவித் தள்ளிவிட்டார்கள். சாயங்காலம் ஊறுகாய்க்காரன் வண்டி வந்து நிற்கிறது, கூடையில் ஒரு காய் இல்லை.

"அந்த மாதிரிங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதே மாதிரிதாம்மா. ஆள் வந்தது வேற லோடுக்கு, சீவினது உங்க காய."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. கேட்பதற்கு வெட்கம். சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே கேட்டேன்.

"கருத்தடை மாத்திரை சாப்பிட்டா, அதையும் சீவிடுங்களா?"

"ஆமா, அதுவும் ஹார்மோன்தானே. இந்த வலிப்பு மாத்திரையோட சாப்பிட்டா அது சரியா வேலை செய்யாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அவர் விடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸம்மா கதையைச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப நீங்க மறந்திருக்க மாட்டீங்கம்மா."

அவ்வளவுதான் சொன்னார். நான் அழவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது. துடைத்துக்கொண்டேன்.

பிறகு டாக்டர் சொன்னதுதான் கஷ்டமானது. இந்த மாத்திரையை நானாக நிறுத்திவிடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. நரம்பு டாக்டருக்கு எழுதித் தருகிறேன், அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஆட்களைக் கூட்டாத வேறு மாத்திரைக்கு மாற்றுவார் என்றார். அதுவரைக்கும் மாவை இன்னும் கூட்டிச் சாப்பிட வேண்டும். "மாத்தற நேரத்துல ஒருவேள வலிப்பு வரலாம். விழுந்தா உங்க எலும்பு தாங்காது. வீட்டுல கூட இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

படுக்கையில் விழுந்தால் என்னைத் தூக்கி உட்கார வைக்க வேண்டியவள் மருமகள். சொன்னால், பன்னிரண்டு வருஷம் அவளிடம் மறைத்தேன் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் மாத்திரை மாறாது, எலும்பு ஒடிந்துபோகும். இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க நேரம் எடுத்தேன். வெளியே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நானே சொல்லிடறன்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். மருமகள் இரண்டு டீ வாங்கிவந்தாள். தன்னை வெளியே அனுப்பினார்களே என்ற கோபம் அவள் முகத்தில் இருந்தது.

"உள்ள என்ன ரகசியம்? நான் போய்க் கதவாண்ட நிக்கணுமாம்."

டீயை ஊதிக்கொண்டே சொல்லிவிட்டேன். களி கிண்டினது, அத்திப்பள்ளி, மாத்திரை, எலும்பு, எல்லாம். பஸ் ஒன்று வந்து போயிற்று. நாங்கள் ஏறவில்லை.

"அப்ப அத்திப்பள்ளி சாமி இதானா?"

"ஆமா."

"ஒரு தேங்காகூட வாங்காம எந்த ஊரு சாமிக்குத்தான் போறாங்களோன்னு நெனப்பன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"உன் புருசனுக்கும் தெரியாது."

"நாத்தனாருக்கு?"

"இல்ல."

பிறகு என் இடுப்பைப் பார்த்தாள். "அந்தச் சாவி எதுக்கு?"

"இரும்பு கூட இருந்தா வராதுன்னு."

"அப்ப அது பெட்டிச் சாவி இல்லியா?"

என் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. மாத்திரை அட்டையை அதில்தான் வைப்பேன். "அதுக்கு ஏது பூட்டு? துருப்பிடிச்சி வுழுந்து ரொம்ப வருசமாச்சி. இது எந்தப் பூட்டுக்கும் சேராது" என்றேன்.

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "பன்னெண்டு வருசம், அத்தை. எங்கம்மாகிட்ட எத்தன வாட்டி அழுதிருக்கன் தெரியுமா? மாமியாருக்கு எம்மேல நம்பிக்க இல்ல, குளிக்கப் போனாகூடச் சாவிய வுட்டுட்டுப் போறதில்லன்னு. அந்த ரோசத்துல பெட்டிக்கிட்ட நான் குனிஞ்சிகூடப் பாத்ததில்ல."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அடுத்த பஸ் வந்தது. குந்தாரப்பள்ளி தாண்டுகிறவரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "மாவ நீங்க குடிச்சீங்கதான், நான்தான் தப்பாப் பேசிட்டன்" என்றாள். நான் சரி என்றேன். மகன் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவளே சொன்னாள். அவன், "சொல்லியிருக்கலாமேம்மா" என்றான். மாத்திரை மாற்றத் தொடங்கிய முதல் வாரம் லீவு போட்டான்.

நரம்பு டாக்டர் பழைய மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, புதியதைக் கூட்டிக்கொண்டே வந்தார். வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மருமகள் கேட்டு வந்து, சமையலறையில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினாள். கையில் எதையும் திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும், ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ். சாவிக்கொத்தைக் கழற்றி, காலண்டர் தொங்குகிற ஆணியில் நானே மாட்டினேன். முதல் இரண்டு நாள் இடுப்பு லேசாக இருந்தது பிடிக்கவில்லை.

ஒரு தடவை வலிப்பு வந்தது. காலையில் பாயில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். விழுவதற்கு உயரம் இல்லாததால் எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் விழித்தபோது என் கை காலியாக இருந்தது. ஒருக்களித்துப் படுத்திருந்தேன், தலைக்கு அடியில் அவள் துண்டு. அவள் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணர நிமிசம், அத்தை" என்றாள்.

அதற்குப் பிறகு இதுவரை வரவில்லை. ஆறு மாதம் கழித்து ரத்தம் எடுத்தபோது வைட்டமின் ஏறியிருந்தது. படத்தில் அந்தக் கோடு மூடிக்கொண்டு வருகிறது என்றார்கள். இப்போது தரையில் உட்கார்ந்து நானே எழுந்துகொள்கிறேன், சுவரைப் பிடித்துத்தான். போன சீசனில் ஃபேக்டரிக்குப் போகவில்லை. ரோடுவரைக்கும் நடந்து போய், கம்பெனி பஸ் போவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மகளுக்குப் போன் போட்டு நானே சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப மாத்திரைய மீறி வந்தவளா நானு?" என்றாள்.

"மாத்திரைய அந்த ஆளுங்க சீவித் தள்ளிட்டாங்க, நீ வந்துட்ட" என்றேன்.

சிரித்தாள். பிறகு குரலை இறக்கி, "எங்க வீட்டுல மட்டும் சொல்லிடாதம்மா" என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பெயர் எழுதாததற்கு அதுதான் காரணம். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த வியாதிக்கு எந்த டாக்டரிடம் போனாலும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் பெயரை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். கருத்தடை மாத்திரையையும் வைட்டமின் மாவையும் நான் விழுங்கினேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மற்றதில் தப்பு இருக்கலாம். அந்த நொதிக்கு டாக்டர் ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு பெயர் சொன்னார், அதை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. உடைக்கிற வேலை கல்லீரலில் மட்டும் நடக்கிறதா, குடலிலும் சிறுநீரகத்திலும் கூட உண்டா என்பதும் சரியாக ஞாபகம் இல்லை. அச்சுக்குப் போவதற்கு முன்னால் இந்தப் படிப்புப் படித்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்து, பிசகு இருந்தால் திருத்திவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.